நாற்பத்தொன்றாவது பலகை

'தட்!'

சத்தம் கேட்டதும் தையல்காரம்மா முதலில் தன் மெஷினைத்தான் பார்த்தார். ஊசி முறிந்தால் இப்படிச் சத்தம் வராது. பெல்ட் அறுந்தாலும் வராது. அப்புறம்தான் வாசலைப் பார்த்தார். இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த கணவரைக் காணவில்லை. இஸ்திரிப் பெட்டி மட்டும் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் உட்கார்ந்து மெல்லப் புகைந்துகொண்டிருந்தது.

"என்னங்க?"

"இங்கதான் இருக்கேன்," என்று மேஜைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "முதல்ல பெட்டியை எடு. அது வக்கீல் சட்டை."

பெட்டியை எடுத்தார். சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது. கணவரின் உச்சந்தலையிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கி, காதைச் சுற்றிக்கொண்டு கழுத்துக்குப் போயிருந்தது. பக்கத்தில் அரைச் செங்கல் ஒன்று, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். தையல்காரம்மா கூடவே நின்று பார்த்தார்.

"நானா இருந்தா நாலுல முடிச்சிருப்பேன்," என்றார் வெளியே வந்ததும்.

டாக்டர் போட்ட தையலைவிட, சொன்ன வார்த்தைதான் ஆழமாக இறங்கியிருந்தது. "இதே இடத்துல இன்னொரு தடவை பட்டா, இங்க கூட்டிட்டு வராதீங்கம்மா."

"வேற எங்க கூட்டிட்டுப் போறது டாக்டர்?"

"எங்கயும் வேண்டியிருக்காது."

விஷயம் இதுதான். கீழ்த்தளத்தில் இருந்த பழைய கடைகளை அப்படியே விட்டுவிட்டு, அவற்றின் மேலே மாடிக்கு மேல் மாடியாகப் புதுக்கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. செங்கல் விழுந்த அன்று நாலாவது மாடி. கீழே நடக்கிறவர்கள் தலையில் எதுவும் விழக்கூடாது என்பதற்காக, நடைபாதை நெடுகிலும் இரும்புக் குழாய்களை நட்டு, மேலே பலகை பரப்பிக் கூரை போட்டிருந்தார்கள். பாதுகாப்பு நடைவழி. மொத்தம் நாற்பது பலகை. இருபத்திரண்டாவது பலகைக்கும் இருபத்து மூன்றாவது பலகைக்கும் நடுவில் ஒரு பலகை அகலத்துக்கு ஓட்டை. அந்த ஓட்டை நேராகத் தையல்கடையின் வாசற்படிக்கு மேலே இருந்தது. கடையின் அகலம் எட்டடி. மெஷினும் வெட்டு மேஜையும் உள்ளே போனபிறகு, இஸ்திரி மேஜைக்குப் பாதி வாசல்தான் மிச்சம். இஸ்திரிக்காரரின் தலைக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்தது அந்த நாலாவது மாடி மட்டும்தான்.

மறுநாள் காலை தையல்காரம்மா கட்டிடத்து மேஸ்திரியைப் பிடித்தார்.

"அண்ணே, ஒரே ஒரு பலகை. அவ்வளவுதான் கேக்கறேன்."

"என்கிட்ட பலகை இல்லைன்னா சொல்றேன்? அங்க பாருங்க." மூலையில் ஆள் உயரத்துக்குப் பலகை அடுக்கியிருந்தது. "ஆனா கட்டிடம் எங்களுது. நடைவழி வாரியத்துது. அதுல நான் ஒரு ஆணி அடிச்சா, அவங்க எனக்கு ஆணி அடிச்சிடுவாங்க தங்கச்சி."

"அவர் தலை யாருது?"

மேஸ்திரி வாரியம் இருக்கிற திசையில் கையைக் காட்டினார். "அதை வாரியத்துலதான் கேக்கணும்."

முன்பு அதற்குப் பாதுகாப்பு நடைவழி வாரியம் என்று பெயர். நடைவழிகள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன என்று பெரிய இடத்தில் யாரோ முகம் சுளித்ததிலிருந்து, அது பாதுகாப்பு நடைவழி அழகு மேம்பாட்டு வாரியம் ஆகிவிட்டது. பெயர்ப்பலகையில் 'அழகு' என்ற சொல்லைப் பெரிதாக எழுதியதில், 'பாதுகாப்பு' ஓரத்தில் ஒடுங்கிப்போய்க் கிடந்தது. உள்ளே கூடத்தில் ஒரு கறுப்புப் பலகை. அதில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தார்கள்: 'விபத்தில்லா 611-ஆவது நாள்'.

வரவேற்பு மேஜைப் பெண் தலைநிமிராமல் கேட்டாள். "பாதுகாப்புப் பிரிவா, அழகுப் பிரிவா?"

"தலையில செங்கல் விழுந்துடுச்சும்மா."

"செங்கல் பார்க்க எப்படி இருந்துச்சு?"

"பாதியா உடைஞ்சு, கன்னாபின்னான்னு இருந்துச்சு."

"அப்ப அழகுப் பிரிவு. மாடிக்குப் போங்க."

பாதுகாப்புப் பிரிவு கீழேதான் இருந்தது. போகிற வழியில் எட்டிப் பார்த்தார். நாற்காலி ஒன்று, அதன்மேல் பெயின்ட் டின்கள். பிரிவில் இருந்த ஒரே அலுவலர் ஓய்வுபெற்ற பிறகு, டின் வைக்க வேறு இடமில்லையாம். மாடியில் அழகுப் பிரிவில் பதினான்கு பேர் இருந்தார்கள். அதில் ஆறு பேர் ஒரு பச்சை நிறத்தைச் சுற்றி நின்று, அது இளம்பச்சையா, இளைய பச்சையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

உதவி இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். சிரித்துக்கொண்டே வரவேற்றார். சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார். ஏழு தையல் என்று கேட்டபோதும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அவர் முகத்தில் அதை யாரோ ஆணியடித்து மாட்டியிருக்கவேண்டும். அவருக்குத் தையல்காரம்மா அந்த நிமிடமே மனசுக்குள் 'சிரிப்பு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"ரொம்ப வருத்தமான விஷயம்மா," என்றார் சிரிப்பு சார். "ஆனா விபத்து எதுவும் நடக்கலையே."

"ஏழு தையல் சார்!"

"விபத்துன்னா என்னன்னு எங்க விதியில தெளிவா இருக்கு. நடைவழியில அடிபட்டுக் கிடக்கிற நபரை ஆய்வாளர் நேர்ல பார்க்கணும். உங்க வீட்டுக்காரர் கிடக்கறாரா?"

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம் சார்."

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க. ஆஸ்பத்திரி எங்க எல்லைக்குள்ள வரலையே."

"அறுநூத்திப் பதினோரு நாளா ஒருத்தர்கூடவா கிடக்கலை?"

சிரிப்பு சார் பெருமூச்சு விட்டார். "மக்கள் அவசரக்காரங்கம்மா. ஆய்வாளர் போய்ச் சேர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடறாங்க. இல்லைன்னா யாராவது தூக்கிட்டுப் போயிடறாங்க. பொறுமையே கிடையாது."

பிறகு மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார். "இது உங்க தெரு நடைவழி. எத்தனை பலகைன்னு போட்டிருக்கு? நாப்பது. நீங்க எண்ணிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். நாப்பது இருக்கு."

"அப்புறம் எது காணோம்?"

"நாப்பத்தொண்ணாவது."

சிரிப்பு சாருக்கு முதன்முறையாக நிஜமாகவே சிரிப்பு வந்தது. பச்சை நிறக்காரர்களைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். "வரைபடத்துல இல்லாத பலகை எப்படிம்மா காணாமப் போகும்?"

தெரு அந்த இடத்தில் லேசாக வளைகிறது. வரைபடத்தில் நேராகப் போகிறது. தெருவை நேராக்க வாரியத்துக்கு அதிகாரமில்லை. வரைபடத்தை வளைக்க மனசில்லை. நடுவில் விழுந்த இடைவெளிதான் ஓட்டை. இதைத் தையல்காரம்மா ஒரு துண்டுக் காகிதத்தை மடித்துக் காட்டி விளக்கினார். வளைவில் துணி பத்தாமல் போவது அவருக்குத் தினசரி வேலை. அக்குளில் ஒரு துண்டு வைத்துத் தைப்பார். சிரிப்பு சார் அந்தக் காகிதத்தைப் பணிவோடு வாங்கி, கோப்பில் வைத்து, கோப்பை மூடினார்.

"உங்க மனவேதனையை வாரியம் உணருது. கண்டிப்பா அந்த இடத்துல ஏதாவது செய்வோம்."

செய்தார்கள்.

எட்டாம் நாள் ஏணியோடு நாலு பேர் வந்து இறங்கினார்கள். அப்போது ஐந்தாவது மாடி எழும்பியிருந்தது. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். வந்தவர்களில் ஒருவர் ஓட்டைக்குக் கீழே நின்று மேலே பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அரைமணி நேரம் இப்படியே பார்த்தார்.

"ஆசாரி நல்லா அளவெடுக்கறார்," என்றார் கட்டுத்தலையோடு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர்.

"நான் ஆசாரி இல்லை. ஓவியன்," என்றார் அவர்.

சாயங்காலத்துக்குள் ஓட்டையைச் சுற்றி, பலகைகளின் மேலும் கீழும், பன்னிரண்டு மஞ்சள் கதிர்களை வரைந்து முடித்துவிட்டார்கள். ஓட்டைதான் சூரியன். இரண்டு பக்கமும் பூந்தொட்டிகளைத் தொங்கவிட்டார்கள். தூணில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள்: 'வானக்கண். பாதசாரிக்கும் பரவெளிக்கும் இடையே ஓர் உரையாடல்.'

இஸ்திரிக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "செங்கலும் நானும் அன்னிக்குப் பேசிக்கிட்டதைத்தான் போட்டிருக்காங்களோ?"

மேஸ்திரி மேலேயிருந்து இறங்கிவந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. மேலேயிருந்து பார்த்தா வட்டம் போட்டு நடுவுல புள்ளி வச்ச மாதிரி தெரியுது. யாரும் குறி பார்த்துப் போடமாட்டாங்க. சும்மா சொன்னேன்."

மறுநாள் தையல்காரம்மா தன் பழைய வெட்டுப்பலகையை எடுத்தார். இருபது வருஷ வெட்டுக்கோடு விழுந்த பலகை. ஸ்டூலைப் போட்டு ஏறினார். கணவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கமாக வந்த மேஸ்திரி சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நான் எதையும் பார்க்கலை," என்றார் சுவரிடம். "இடது பக்கம் ரெண்டு அங்குலம் தள்ளுங்க. ஆங், போதும்."

இரண்டு நாள் நிம்மதியாகப் போனது. இரண்டாம் நாள் சாயங்காலம் மேலேயிருந்து ஒரு சிமென்ட் கட்டி விழுந்து அந்தப் பலகையில் பட்டுத் தெறித்தது. கணவனும் மனைவியும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கல்யாணப் படத்தில்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

மூன்றாம் நாள் காலை வாரியத்து வேன் வந்தது. செங்கல் விழுந்ததற்கு வராத வேன், பலகை ஏறியதற்கு ஐந்து பேரோடு வந்தது. சிரிப்பு சாரே நோட்டீஸை வாசித்தார். அங்கீகாரமில்லாத மரம். அங்கீகாரமில்லாத நிறம். பொதுமக்கள் வானத்தைப் பார்க்கும் உரிமைக்கு இடையூறு. பதினோரு நிமிடத்தில் பலகையைக் கழற்றி, துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து வேனில் ஏற்றினார்கள்.

"அதோட, எவ்வளவு ஆபத்தான காரியம் பண்ணியிருக்கீங்க!" என்றார் சிரிப்பு சார். "ஸ்டூல்ல ஏறியிருக்கீங்களேம்மா. விழுந்திருந்தா?"

"விழுந்திருந்தா அங்கேயே கிடந்திருப்பேன் சார். ஆய்வாளர் வர்ற வரைக்கும்."

அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் எதைக் கேட்டும் சிரிப்பார். ஆனால் தையல்காரம்மா தான் சொன்னதை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நடுவில் ஒரு கணக்கெடுப்பும் நடந்தது. வாரியத்திலிருந்து ஒரு பெண் காகிதத்தோடு வந்தாள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த நடைவழியில் நீங்கள் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்? பதிலுக்கு மூன்று கட்டம்: மிகவும், மிக மிகவும், சொல்ல வார்த்தையில்லை.

"இல்லைங்கறதுக்கு ஒரு கட்டம் இல்லையாம்மா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"முன்னாடி இருந்துச்சு அங்கிள். எல்லாரும் அதையே நிரப்பினாங்க. எதிர்மறை எண்ணம் பரவுதுன்னு எடுத்துட்டாங்க."

அவர் சொல்ல வார்த்தையில்லாமல் 'சொல்ல வார்த்தையில்லை'யில் கோடு போட்டார்.

ஆறாவது மாடி போய் ஏழாவது வந்தது. தையல்காரம்மா இப்போது நாளை எண்ணுவதில்லை, மாடியைத்தான் எண்ணினார். நாலாவது மாடிச் செங்கலுக்கு ஏழு தையல். ஏழாவது மாடிச் செங்கலுக்கு எத்தனை என்று இரவில் படுத்துக்கொண்டு கணக்குப் போடுவார். கடைக்கு வருகிறவர்கள் தெருவிலேயே நின்று துணியை வீசினார்கள். கணவர் மொபெட் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இஸ்திரி போட்டுப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் ஆவி கண்ணாடியில் படிந்து ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேன்டுக்கு மூன்று கால் மடிப்பு வைத்துவிட்டார். தையல் ஆறாத தலையில் ஹெல்மெட் வேறு உறுத்தியது. கழற்றிவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பட்டன் உருண்டு போக, அதை எடுக்கக் குனிந்தார். அதே நேரம் கொத்தனாரின் பூசுகரணை ஒன்று வானக்கண் வழியாக இறங்கி, அவர் தோளைச் சீவிக்கொண்டு மேஜையில் குத்தி நின்றது. மேஜைமேல் விரித்திருந்தது வக்கீலின் புதுச் சட்டை.

கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். தையல்காரம்மா ஓடிவந்து தோளைப் பார்த்தார். சிராய்ப்புதான். தலையைப் பார்த்தார். கட்டு அப்படியே இருந்தது. உயிர் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"எந்திரிக்காதீங்க!"

"ஏம்மா?"

"கிடங்க. அடிபட்டுக் கிடக்கிற ஆளை ஆய்வாளர் நேர்ல பார்க்கணும்."

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும். அப்பதான் மூஞ்சியில தெரியும்."

வாரியத்துக்குப் போன் போட்டார். மேஸ்திரி விஷயம் தெரிந்து, அந்தப் பக்கத்து வேலையை நிறுத்தி, மேலே இருந்தவர்களை எல்லாம் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரமானது. தெருவில் போகிறவர்கள் தூக்கிவிட வந்தார்கள். "தொடாதீங்க, விபத்து கெட்டுப்போயிடும்," என்று தையல்காரம்மா விரட்டினார். இரண்டு மணி நேரமானது. தரை சில்லிட்டது. தலைக்கு அணையாக, துண்டு ஒன்றை அப்போதே இஸ்திரி போட்டு நாலாக மடித்து வைத்தார். அந்த இடத்தில்தான் சறுக்கினார். இருபது வருஷமாகக் காலை ஆறு மணிக்கு எழுந்து நின்றுகொண்டே வேலை செய்கிற மனுஷன். வெதுவெதுப்பான துண்டில் தலை வைத்தால் என்ன ஆகும்?

மூன்றேகால் மணி நேரம் கழித்து, ஆய்வாளராகச் சிரிப்பு சாரே ஒரு போட்டோக்காரரோடு வந்து இறங்கினார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வானக்கண் வழியாகச் சாய்வாக இறங்கிய வெயில் இஸ்திரிக்காரரின் முகத்தில் விழுந்திருந்தது. தலையில் வெள்ளைக் கட்டு. இரண்டு பக்கமும் பூந்தொட்டிகள். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு.

"அடடா," என்றார் சிரிப்பு சார் மெல்லிய குரலில். "யாரும் சத்தம் போடாதீங்க."

"சார், அடிபட்டுக் கிடக்கறார்! நல்லா எழுதிக்குங்க. நேர்ல பார்த்துட்டீங்க!"

"தூங்கறாரும்மா."

"வலி தாங்காம மயங்கிக் கிடக்கறார்."

அந்தச் சமயம் பார்த்து இஸ்திரிக்காரர் குறட்டை விட்டார். தையல்காரம்மா குனிந்து தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். "வக்கீல் சட்டை நாளைக்குத்தான்," என்று முனகிவிட்டு அவர் புரண்டு படுத்தார். போட்டோக்காரர் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"கரணை சார்! அந்தக் கரணையைப் பாருங்க!"

சிரிப்பு சார் மேஜையில் குத்திநின்ற கரணையைப் பார்த்தார். போட்டோக்காரரிடம், "அது படத்துல வராம எடுங்க, அழகு கெடுது," என்றார்.

அடுத்த மாதம் வாரியத்தின் பத்திரிகை அட்டையில் இஸ்திரிக்காரர் உறங்கிக்கொண்டிருந்தார். தலைப்பு: 'இளைப்பாறும் குடிமகன்'. உள்ளே நாலு பக்கக் கட்டுரை. பாதசாரிகள் படுத்துறங்கும் அளவுக்கு மன அமைதி தரும் நடைவழி இது. தலையில் வெள்ளைத்துணி கட்டிய உழைப்பாளி ஒருவர் வானக்கண்ணின் மடியில் தன்னை மறந்து கண்ணயர்ந்தார். ஆய்வாளர் இதை நேரில் கண்டார். கூடத்துக் கறுப்புப் பலகையில் விபத்தில்லா 683-ஆவது நாள்.

"படம் நல்லா வந்திருக்கு," என்றார் கணவர், அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து.

"பேசாதீங்க. மூணு மணி நேரம் முழிச்சுக் கிடக்கத் துப்பில்லை."

"நீ எதுக்குத் துண்டைச் சூடா வச்சே?"

தையல்காரம்மா மெஷினை ஓட்டினார். அன்று அவர் தைத்த சட்டையில் ஒரு கை மற்றதைவிட நீளம்.

பத்து நாளில் சிரிப்பு சார் திரும்பவும் வந்தார். ஆண்டின் மிக அழகிய நடைவழிக்கான விருது இந்த நடைவழிக்குக் கிடைத்திருக்கிறதாம். விருதைக் கொடுப்பது வாரியம். வாங்குவதும் வாரியம். விழாவுக்கு வாரியத் தலைவரே நேரில் வருகிறார்.

"ஒரே ஒரு உதவிம்மா. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் அதே மாதிரி, அதே இடத்துல, கொஞ்சநேரம் படுத்திருக்கணும். புது வெள்ளைத்துணி நாங்களே தர்றோம்."

"சார், மேல ஒன்பதாவது மாடி நடக்குது," என்றார் இஸ்திரிக்காரர். "செத்தாலும் நான் படுக்கமாட்டேன்."

"படுத்தா செத்திருவேன்னு சொல்றார் சார்," என்று தையல்காரம்மா திருத்தினார். பிறகு கேட்டார்: "தலைவர் எங்க நிப்பார்?"

"எதிர்ப்பக்கம் மேடை போடறோம்."

"அது எப்படி சார்? இவர் இங்க அநாதையா படுத்திருக்க, அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னா படம் எடுபடுமா? பக்கத்துல, இதோ இந்த வானக்கண்ணுக்கு நேர் கீழ நின்னு, குனிஞ்சு இவர் தலையைத் தொட்டு விசாரிக்கற மாதிரி இருந்தா?"

சிரிப்பு சார் முகத்தில் சிரிப்புக்கு மேல் ஒரு சிரிப்பு ஏறியது. "உங்களுக்கு அழகுணர்ச்சி இருக்கும்மா! நான் இதை எதிர்பார்க்கலை."

அவர் போனதும் கணவர் கேட்டார். "என்னம்மா இது? என்னைப் பலி கொடுக்கறியா?"

"அஞ்சு நிமிஷம் படுங்க. நான் பக்கத்துல நிக்கறேன். ஒரே ஒரு தடவை அந்த ஆள் அங்க நின்னு அண்ணாந்து பார்க்கட்டும். அது போதும்."

விழா நாளில் தெருவின் எதிர்ப்பக்கம் மேடையும் பந்தலும் எழும்பின. பந்தலுக்கு இரட்டைத் தகரக்கூரை போட்டிருந்தார்கள். வாரியத்து ஆட்கள் முப்பது பேரும் அந்தப் பக்கமே வந்து இறங்கி, அந்தப் பக்கமே உட்கார்ந்தார்கள். கட்டிட வேலையை அன்று நிறுத்தும்படி யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. இயங்கும் கட்டிடம் பின்னணியில் இருந்தால்தான் உயிரோட்டமாக இருக்கும் என்று அழகுப் பிரிவு கருதியது.

தலைவர் பேசினார். மைக் நன்றாக இருந்தது.

"எல்லோரும் விழுகிற பொருளைப் பற்றியே பேசுகிறார்கள். விழாத பொருளைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? நேற்று ஒருநாளில் மட்டும் இந்தக் கட்டிடத்திலிருந்து லட்சக்கணக்கான செங்கற்கள் விழவில்லை! இந்தச் சாதனை யாருடையது? வாரியத்துடையது." கைதட்டல். "பாதுகாப்பு என்பது ஓர் உணர்வு. உணர்வை ஆணியடித்து நிறுத்த முடியாது. நான் பொறுப்புக்கு வந்தபோது, இந்த நடைவழிகளுக்குள் நுழையப் பயந்து மக்கள் சாலையில் நடந்தார்கள். இன்று இவற்றின் அழகை முழுமையாகப் பார்ப்பதற்காகச் சாலையில் நடக்கிறார்கள். மாற்றம் என்றால் இதுதான்!"

கைதட்டல் ஓய்ந்ததும், தலைவர் தெருவைக் கடந்து வந்தார். பின்னால் சிரிப்பு சார், போட்டோக்காரர்கள். வானக்கண்ணின் கீழே புது வெள்ளைத்துணித் தலையோடு இஸ்திரிக்காரர் கண்களை இறுக மூடிப் படுத்திருந்தார். இறுக்கத்தில் நெற்றி சுருங்கியிருந்தது. இந்தமுறை தூக்கம் வரவில்லை. பக்கத்தில் தையல்காரம்மா, கைகளைப் புடவைத் தலைப்பில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

தலைவர் வாசலுக்கு வந்து குனிந்தார். போட்டோக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். அந்த நேரத்தில் மேலேயிருந்து கொஞ்சம் மணல், ஒரு சிட்டிகைதான், அவர் தோளில் சரசரவென்று இறங்கியது.

தலைவர் அண்ணாந்து பார்த்தார்.

மஞ்சள் கதிர்கள். நடுவில் நீளமாக வானம். வானத்தின் ஓரத்தில், ஒன்பதாவது மாடி விளிம்பில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செங்கல்.

"என்னய்யா இது?" குரல் மேடைக் குரலாக இல்லை.

"வானக்கண் சார்."

"மேல என்ன நடக்குது?"

"ஒன்பதாவது மாடி சார்."

"இப்பவா?"

"ஆமா சார். உயிரோட்டமா இருக்கட்டும்னு…"

"அந்தக் கண்ணை மூடுய்யா முதல்ல!" என்று தலைவர் ஒரே எட்டில் தெருவுக்குத் தாவினார்.

அப்புறம் நடந்ததைப் பார்த்துத் தையல்காரம்மா தன் கண்ணையே நம்பவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவினார். விண்ணப்பம் இல்லை, வரைபடம் இல்லை, மரத்துக்கு அங்கீகாரம் இல்லை, நிறத்துக்கு அங்கீகாரம் இல்லை. சிரிப்பு சாரே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஆறு ஆணி. தையல்காரம்மா ஒவ்வொன்றாக எண்ணினார். மொத்தம் நாலு நிமிடம்.

மேஸ்திரி கடைசி ஆணியை அடித்துவிட்டுக் குனிந்து, தையல்காரம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி, "நாப்பத்தொண்ணு," என்றார்.

கீழே படுத்திருந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். "போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க. நீங்க படுங்க." தையல்காரம்மா அவர் தலைக்கட்டைச் சரிசெய்தார்.

தலைவர் மேலே ஒரு தடவை பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார். பலகையைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினார்கள். நன்றாகக் குனிந்து, இஸ்திரிக்காரரின் தலையில் கைவைத்து, கனிவோடு நாலு படம் எடுத்துக்கொண்டார்.

"தலையில என்னம்மா கட்டு?"

"செங்கல் சார். இந்த வழியாத்தான் விழுந்துச்சு. மூணு மாசமா இந்த ஒரு பலகையைத்தான் கேட்டுட்டிருந்தேன். நீங்க வந்து நின்னதும் போட்டுட்டாங்க." கைகூப்பினார். "உங்களைக் கோயில்ல வச்சுக் கும்பிடணும் சார்."

"அடப் பாவமே," என்றார் தலைவர். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். இஸ்திரிக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். தெருவுக்கு வந்து, சட்டையில் ஒட்டியிருந்த மணலை உதறினார். காரின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு காலை உள்ளே வைத்தவர், ஏதோ நினைவு வந்து, சிரிப்பு சாரை விரலால் கூப்பிட்டார்.

"படமெல்லாம் எடுத்தாச்சில்ல? நான்தான் வெளிய வந்துட்டேனே, அந்தப் பலகையைக் கழட்டிடுங்க. அழகு கெடுது."